கட்டில் முதல் பாத்ரூம் வரை

சம்பளமில்லாமல் பார்க்கிற உத்தியோகங்களிலேயே கேவலமானது, சொந்த உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி, அந்த ஆளை வைத்து வேலை வாங்குவதுதான்.

இந்த உத்தியோகத்துக்கு நான் அறுபத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டாஃப் கார் ஓட்டினேன். விருதுநகர் பக்கம் ஊர், ஆறாம் வகுப்புப் படிப்பு. வாதம் வந்து இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஜனக்புரியில் தரைத்தளத்தில் சொந்த வீடு. எழுந்து பாத்ரூம் போக, குளிக்க, சட்டை மாட்ட ஒரு ஆள் வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த நேரத்தில் அந்த ஆளுக்காகத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவன் வரமாட்டான். நீங்கள் பாட்டுக்குப் படியுங்கள்.

என் மகன் கார்த்திக் குருகிராமில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பதினாலாவது மாடியில் குடித்தனம். நொய்டாவில் ஒரு முதியோர் விடுதியைப் பார்த்து வைத்துவிட்டு, "அங்க எல்லாத்தையும் அவங்களே முடிவு பண்ணிப் பாத்துப்பாங்கப்பா" என்றான். அந்த 'அவங்களே' எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவன் சொன்ன நேரத்துக்கு அடுத்தவன் சொன்ன இடத்துக்கே வாழ்நாள் பூராவும் வண்டி ஓட்டினவன் நான். எத்தனை மணிக்குக் குளிப்பது, எவன் என்னைத் தொடுவது என்பதையாவது நானே முடிவு செய்துவிட்டுப் போகிறேன் என்றேன். அது தசரா சமயம். அவன் ஒரு கெடு வைத்தான். ஹோலிக்குள் ஒரு ஆளாவது என்னிடம் நிலைத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் விடுதிக்குக் கிளம்ப வேண்டும். பெற்ற பிள்ளை அப்பனுக்குக் கெடு வைக்கிறான். இதை நான் மறக்கப் போவதில்லை.

ஸ்டாஃப் காரில் லாக் புக் என்று ஒன்று இருக்கும். எங்கிருந்து எங்கே போனது, வண்டியில் என்ன கோளாறு என்று டிரைவர் எழுத வேண்டும். கீழே ஆபீசர் கையெழுத்துப் போடுவார். ஒரு ஆபீசர் கோளாறு கட்டத்தில் 'டிரைவர் முகம் சரியில்லை' என்று அவர் கையாலேயே எழுதி வைத்தார். பதினெட்டு வருஷம் ஆயிற்று, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நீள நோட்டு ஒன்றை வாங்கி, கோடு போட்டு, வருகிற ஆட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். புறப்பட்ட இடம்: கட்டில். சேர்ந்த இடம்: பாத்ரூம். கோளாறு: ஆள். ஆபீசில் ஹிந்தியில் எழுதுவேன். இதைத் தமிழில் எழுதினேன். வருகிறவனுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டால் எழுதுவதில் என்ன சுகம் இருக்கிறது? அவர்கள் ஹிந்தியில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

பந்தி பரிமாறியவன்

உத்தம் நகரில் ஒரு மாடி அறையில் ஒரு ஏஜென்சி. போனில் பேசிய அம்மாளுக்கு 'ஆமாங்க' என்ற ஒரே பதில்தான் தெரியும். ஆளுக்குப் பயிற்சி உண்டா? "ஹாஞ்ஜி." வாதம் வந்தவனைத் தூக்கத் தெரியுமா? "ஹாஞ்ஜி." ஆள் நாளைக்கே ஓடிவிடுவானா? "ஹாஞ்ஜி." அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

ராஜு என்று ஒருவன் வந்தான். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றான். எழுப்பு என்றேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முதுகுக்கு அடியில் கொடுத்து, நிறைந்த தட்டைத் தூக்குவது போலத் தூக்கினான். தட்டு சாய்ந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணை கிடந்ததால் இன்றைக்கு உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று அங்கே கிடந்தபடியே கேட்டேன். கல்யாண மண்டபங்களில் பரிமாறினானாம். நோயாளி எவனையாவது தொட்டிருக்கிறாயா என்றேன். ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"அங்கிள்ஜி, ஒரே பந்தியில ஆயிரம் பேரைக் கவனிச்சவன் நான். நீங்க ஒரே ஒரு ஆள்தானே!"

மனைவிக்குக் காட்டியவன்

அடுத்து வந்தவன் நல்லவன்தான். காது மட்டும் எந்நேரமும் போனில். பீகாரில் ஒரு கிராமத்தில் அவன் மனைவி இருந்தாள். டெல்லியில் இவன் என்ன செய்கிறான் என்பதில் அவளுக்குப் பெரிய சந்தேகம். ஒரு வயசாளியைக் கவனித்துக்கொள்கிறேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் பேரில் எனக்குக் குறையே இல்லை. இவனை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் காலை, பாத்ரூமில் ஸ்டூலில் உட்கார வைத்துத் தலையில் இரண்டு சொம்பு ஊற்றினான். பிறகு தண்ணீர் நின்றுவிட்டது. சோப்பு நுரையைத் துடைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தால், என் முகத்துக்கு நேரே போன். போனுக்குள் முக்காடு போட்ட ஒரு பெண். அவளுக்குப் பின்னால் மாமியார் மாதிரி ஒருத்தி, ஒரு எருமை. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கை ஒன்றுதான் எனக்கு வேலை செய்யும். அதை எங்கே வைத்து மறைப்பது என்று எனக்கு ஓடவில்லை. அவன் கெஞ்சினான்:

"அங்கிள், அந்தக் கையை எடுத்து ஒரே ஒரு தடவை ஆட்டிடுங்க, அவ நம்பிடுவா."

எதிர்வீட்டுப் பராட்டா

மூன்றாவது ஆள் பதினேழு நாள் நிலைத்தான். இவனை வைத்தே ஹோலியைத் தாண்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டு மல்ஹோத்ரா அம்மாள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவளுக்கு மூட்டுவலி, அவள் வீட்டுக்காரருக்கு ஞாபக மறதி. காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசும் சாக்கில் வாசலில் நின்று என் ஆளைக் கூப்பிட்டுப் பேசுவாள். எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேட்பாள். ரசம் சாதம், தயிர் சாதம் என்று அவன் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து வெண்ணெய் உருக உருக முள்ளங்கிப் பராட்டா தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை வேறு தூக்கினான். ஒற்றைக் கையால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, தனியாக, இருபது நிமிஷத்தில் தெருவைக் கடந்தேன். டாக்டர் சொன்ன எல்லாப் பயிற்சியையும் விட அந்தக் கோபம் என்னை நன்றாக நடக்க வைத்தது. என் ஆளை ஓட வைத்துவிட்டீர்களே என்றேன். அந்த அம்மாள் எனக்கு ஒரு நாற்காலியைப் போடச் சொல்லிவிட்டு, சிரித்த முகமாகச் சொன்னாள்:

"பாய்சாப், எங்க ஓடினான்? நாலு எட்டு நகர்ந்து உக்காந்திருக்கான், அவ்வளவுதான். நீங்களும் ஒரு பராட்டா சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவள் வணக்கம் சொன்னால் நான் பதில் சொல்வதில்லை.

ஐந்து நட்சத்திரம்

"நீங்க ஆள் எடுத்த லட்சணம் போதும்பா, இந்தத் தடவை நான் பண்றேன்" என்றான் கார்த்திக். போனிலேயே ஆள் பிடிக்கும் ஆப் ஏதோ வந்திருக்கிறதாம். பீட்சா வருகிற மாதிரி ஆள் எங்கே வருகிறான் என்று வரைபடத்தில் தெரியும். நானும் பார்த்தேன். திலக் நகர் சிக்னலில் ஒரு புள்ளி அரை மணி நேரம் நின்றது. என் வாழ்நாளில் அந்த சிக்னலில் நான் நின்ற நேரத்தை எண்ணினால் அந்தப் புள்ளி பேரில் கோபப்பட முடியாது.

வந்தவன் நீல யூனிஃபார்ம், கையுறை, கழுத்தில் அட்டை. வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டான். உன்னைப் பார்த்ததும் பதினொன்று என்றேன். அவன் போனில் பதினொன்று ஏறவில்லை. குளிப்பாட்டுவதைக் குறை சொல்ல முடியாது, கணக்காகச் செய்தான். துவட்டிவிட்டான். ஸ்டூலில் இருந்து என்னை எழுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவன் போன் கணகணவென்று மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டதாம். இனிமேல் செய்கிற வேலை எதுவும் ஆப்பில் ஏறாதாம். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான். ஈரத் துண்டோடு, குளிரில், வழுக்கும் தரைக்கு நடுவே உட்கார்ந்து அவனை அண்ணாந்து பார்த்தேன்.

"சார், அந்த அஞ்சு ஸ்டாரையும் அமுக்கிடுங்க, அப்புறம் தூக்குறேன்."

கேட்டுவிட்டுத் தொட்டவன்

ஹோலிக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கும்போது மகேஷ் வந்தான். நாற்பது வயதைத் தாண்டியவன், முன்தலை வழுக்கை. இவனை நானே எடுத்தேன். மருந்துக் கடையில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அங்கே நின்றிருந்த இவன், தான் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவன் என்று சொன்னான். மறுநாள் காலை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அங்கிள்ஜி, எந்தப் பக்கம் பிடிக்கட்டும்?" என்று கேட்டான். அதுவரைக்கும் எவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வலது பக்கம் சாய்த்து, தோளுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நானே எழுந்த மாதிரி எழுப்பினான்.

அதற்காக லாக் புக்கைச் சும்மா விட முடியுமா? டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்கிறான் என்று எழுதினேன். என் வீட்டில் ஒரு ஸ்பூன்தான் என்று தடுத்தும் வைத்தேன். மூக்கை உறிஞ்சுகிறான், கழுதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளைப் பார்க்கப் போக லீவு கேட்கிறான், கழுதை. கொடுக்கவில்லை. அதற்கும் சிரிக்கிறான், பெரிய கழுதை. நோட்டை டீவி மேஜை மேலேயே போட்டு வைப்பேன். லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் பழைய சிநேகிதனோடு போனில் பேசும்போது, இவன் எதிரில் நின்றுகொண்டிருக்க, இவனைப் பற்றியே தமிழில் அரை மணி நேரம் வைவேன். இவன் பாட்டுக்கு என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு தடவை நகவெட்டி கொஞ்சம் ஆழமாக இறங்கியது. தற்செயல் என்று நினைத்தேன்.

ஒரு நாள் இட்லிக்கு மாவு இருந்தது. எப்படி ஊற்றுவது என்று நான் ஹிந்தியில் விளக்க வாயைத் திறப்பதற்குள், துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரித்து, குழி குழியாக ஊற்றி மூடிவிட்டான். பூப்போல வந்தது. உனக்கு இது எப்படித் தெரியும் என்றேன். அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்:

"யூட்யூப், அங்கிள்ஜி."

லாக் புக் வாசிப்பு

ஹோலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் வந்தான். தெருவில் பிள்ளைகள் அதற்குள் தண்ணீர் பலூன் வீச ஆரம்பித்துவிட்டதால் சட்டையில் பாதி நனைந்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் விடுதி ஃபாரம் மட்டும் நனையாமல் பத்திரமாக இருந்தது. அதை மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தான்.

"ஆள் இருக்கான், சரி. ஆனா நாளைக்கே போயிட்டான்னா? உங்க வாயை எனக்குத் தெரியாதா? நீங்க இவனோட ஒழுங்கா இருக்கீங்கன்னு நான் எப்படி நம்புறது?" சுற்றிப் பார்த்தவன் கண்ணில் நோட்டுப் பட்டுவிட்டது. "இதுல தினமும் எழுதறீங்கல்ல? படிச்சுக் காட்டுங்க."

அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று அந்தக் காலத்தில் நான் சொன்னேன், அவன் அம்மா கேட்கவில்லை. முதல் தடவையாக அது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். 'டீ ஆறிப் போயிருந்தது. கேட்டால் பல்லைக் காட்டுகிறான். கழுதை, கழுதை. மதியம் மறுபடி லீவு கேட்டான்' என்று நாலு வரி இருந்தது. நான் படித்தேன்: "டீ... சூடாக இருந்தது."

"நாலு லைன் எழுதியிருக்கீங்க. இம்புட்டுத்தான் அர்த்தமா?"

"எழுத்து சரியாத் தெரியலைடா. கண்ணாடி எங்க?"

"மூக்கு மேல இருக்குப்பா."

நோட்டு மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கார்த்திக் பேனாவைப் பார்த்தான். நானும் பேனாவைப் பார்த்தேன். அப்போது மகேஷ் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை எடுத்தான். என்னிடம் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நோட்டை நேராகத் திருப்பி, வரிக்குக் கீழே விரலை வைத்து, கணீரென்று வாசிக்க ஆரம்பித்தான். தமிழில்.

"இருபதாம் தேதி. காலை குளியல் நல்லபடியாக முடிந்தது. மகேஷ் பொறுமைசாலி."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. கார்த்திக் வாயைப் பிளந்தான். "அரே, உனக்குத் தமிழ் தெரியுமா?" மகேஷ் நிறுத்தவில்லை. பக்கத்தைத் திருப்பினான்.

"இருபத்தொன்று. மகேஷ் டீயில் இஷ்டப்பட்ட அளவு சர்க்கரை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் மகேஷுக்கு லீவு என்று முடிவு செய்திருக்கிறேன். இருபத்து மூன்று. இனிமேல் இந்த நோட்டில் கோளாறு கட்டத்தை மகேஷ் எழுதுவான். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்."

விரலை எடுக்காமல், நோட்டுக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தான்.

"இப்படியெல்லாமாப்பா எழுதியிருக்கீங்க?" என்றான் கார்த்திக்.

ஒரு பக்கம் ஃபாரம். ஒரு பக்கம் இந்தத் திருட்டுப் பயல். உங்களில் யாராக இருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பீர்கள். "ஆமாடா. நான்தான் எழுதினேன்" என்றேன். கார்த்திக் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். ஃபாரத்தை உறைக்குள் தள்ளினான். போகும்போது மகேஷின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். என் தோளைத் தட்டவில்லை. அதையும் நான் மறக்கப் போவதில்லை.

கதவு சாத்திக்கொண்டதும், ஏண்டா இத்தனை நாளாக மறைத்தாய் என்று கத்தினேன். மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன் என்றான். அப்பா அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களாம். எனக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"கேளுங்க ஐயா, என்ன ஆளுங்கன்னு கேளுங்க. தமிழ் வீட்டுல முதல் நாளே கேட்டுடுவாங்க. அப்புறம் எந்த டம்ளர்ல டீ குடுக்கிறதுன்னு யோசிப்பாங்க. ஹிந்திக்காரன்னா அந்தக் கேள்வியே வராது. கழுதைன்னு எழுதுறதோட விட்டுடுவாங்க."

அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டேன். சுலபமாக இறங்கவில்லை. பிறகு, இவ்வளவையும் படித்துவிட்டு என்னை ஏன் காப்பாற்றினாய் என்று கேட்டேன். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டு, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்தான்.

"முப்பத்தெட்டு எடத்துல கழுதைன்னு எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு எடத்துல நல்லவன்னு எழுதிட்டு அடிச்சிட்டீங்க. அடிச்சாலும் படிக்க முடியுது, ஐயா."

இப்போது தினமும் கோளாறு கட்டத்தில் 'ஐயா முகம் சரியில்லை' என்று அவன் எழுதுகிறான், அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன், ஆக இந்த உத்தியோகத்தில் வண்டியும் நான்தான், ஆபீசரும் நான்தான், ஓட்டுகிறவன் மட்டும் அவன்.